கையெழுத்துக்கு முன் மதிப்பீடு: அரிசோனாவின் கல்விச் சேமிப்புக் கணக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், குழந்தையை அரசுப் பள்ளிக்கு வெளியே படிக்க வைக்கும் செலவுக்கு அரசு பணம் போடும் கல்விச் சேமிப்புக் கணக்கைக் கேட்டு விண்ணப்பிப்பது பெரிய வேலை இல்லை. இணையத்தில் ஒரு படிவம், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் அடையாள அட்டை, அரிசோனாவில் வசிப்பதற்கு ஒரு சான்று, அவ்வளவுதான். ஆவணங்கள் முழுமையாக இருந்தால் 30 நாட்களுக்குள் மாநிலக் கல்வித் துறை அனுமதிக் கடிதம் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வருமான வரம்பு இல்லை. குலுக்கல் இல்லை. ஆண்டு முழுவதும் விண்ணப்பிக்கலாம்.

இந்த எளிமைதான் பெற்றோரை அவசரப்படுத்துகிறது. படிவம் முடிந்ததும் ஓர் ஒப்பந்தம் வருகிறது. அதில், குழந்தைக்குக் கல்வி தரும் எல்லாக் கடமைகளிலிருந்தும், அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்தை விடுவிக்கிறேன் என்று பெற்றோர் ஒப்புக்கொள்ள வேண்டும். எந்தச் சிரமமும் இல்லாமல் படிக்கும் குழந்தைக்கு அந்த வரியால் பெரிய இழப்பு இருக்காது. பேச்சுத் தாமதமோ ஆட்டிசமோ கற்றல் சிரமமோ உள்ள குழந்தைக்கு அது கூட்டாட்சிச் சட்டம் தந்திருக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு ஒன்றைக் கைவிடுவதாகும். இந்த ஆய்வு அந்த வரியைப் பற்றியதுதான். எதை எந்த வரிசையில் செய்தால் குழந்தைக்கு நட்டம் வராது என்பதே என் கேள்வி.

இந்தக் கணக்கு எப்படிப் பிறந்தது

அரிசோனாவின் அரசியலமைப்பில் 9-ஆம் பகுதியில் ஒரு விதி இருக்கிறது. தேவாலயத்துக்கோ தனியார் பள்ளிக்கோ சமயப் பள்ளிக்கோ உதவியாகப் பொதுப் பணத்தை ஒதுக்கக் கூடாது என்பது அது. 2006-ல் மாநிலம் மாற்றுத்திறன் கொண்ட மாணவர்களுக்கும் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்த குழந்தைகளுக்கும் வவுச்சர் திட்டங்கள் கொண்டுவந்தது. பெற்றோர் தனியார் பள்ளியைத் தேர்ந்தெடுப்பார்கள். அரசு காசோலை கொடுக்கும். அதைப் பெற்றோர் அந்தப் பள்ளியின் பெயருக்கே கையெழுத்திட்டு மாற்றித் தர வேண்டும். 2009-ல் கெய்ன் எதிர் ஹோர்ன் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் இதைச் செல்லாது என்றது. காசோலை பெற்றோர் கைவழியாகப் போனாலும், அந்தப் பணம் போய்ச்சேர தனியார் பள்ளி என்ற ஒரே இடம்தான் இருந்தது.

அந்தத் தீர்ப்பைச் சுற்றிப் போகும் வழியாகத்தான் 2011-ல் சேமிப்புக் கணக்கு வந்தது. நாட்டிலேயே முதல் முறை. பணம் குழந்தையின் பெயரில் ஒரு கணக்கில் விழும். பெற்றோர் அதைப் பள்ளிக் கட்டணத்துக்கும் செலவிடலாம். டியூஷன், பாடநூல், தெரபி, இணையவழி வகுப்பு, தேர்வுக் கட்டணம் என்று வேறு பலவற்றுக்கும் செலவிடலாம். மிச்சத்தைப் பிறகு கல்லூரிக்கும் வைத்துக்கொள்ளலாம். பணம் எங்கே போகிறது என்பதைப் பெற்றோர்தான் தீர்மானிக்கிறார்கள், எனவே இது தனியார் பள்ளிக்கான ஒதுக்கீடு ஆகாது என்று 2013-ல் நீஹாஸ் எதிர் ஹப்பன்தால் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மாநில உச்ச நீதிமன்றம் அதை மறுபடி விசாரிக்க மறுத்துவிட்டது.

இந்த வரலாற்றை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்று பெற்றோர் சுமக்கும் வேலை எல்லாம் இந்தத் தீர்ப்பிலிருந்துதான் வருகிறது. முடிவு பெற்றோருடையது என்பதால்தான் திட்டம் சட்டப்படி நிற்கிறது. ஆகவே ரசீது, கணக்கு, தகுதியான செலவா இல்லையா என்ற பொறுப்பு எல்லாம் பெற்றோர் தலையில்தான் விழுகிறது. அரசுப் பள்ளியில் ஓர் அலுவலகமே பார்க்கும் வேலையை இங்கே அம்மாவோ அப்பாவோ இரவு உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இன்னொன்று: திட்டம் தொடங்கியது மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்காக. பிறகு வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள குழந்தைகள், ராணுவத்தினரின் குழந்தைகள், தரம் குறைந்ததாக மதிப்பிடப்பட்ட பள்ளிகளின் மாணவர்கள், பூர்வகுடி ஒதுக்கீட்டு நிலங்களில் வசிப்பவர்கள் என்று வட்டம் பெரிதானது. 2017-ல் எல்லோருக்கும் திறந்துவிடும் சட்டம் நிறைவேறியது. மக்கள் கையெழுத்துத் திரட்டி அதை 2018 நவம்பர் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார்கள். மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் அளவுக்கு வேண்டாம் என்றார்கள். 2022 ஜூலையில் ஆளுநர் டக் டூசி அதைவிட விரிவான சட்டத்தில் கையெழுத்திட்டார். இம்முறை வாக்கெடுப்புக்குப் போதுமான கையெழுத்து சேரவில்லை. செப்டம்பர் இறுதியில் அரிசோனாவின் பள்ளி வயதுக் குழந்தைகள் அனைவருக்கும் கதவு திறந்தது. அப்போது சுமார் 12,000 குழந்தைகள் கணக்கு வைத்திருந்தார்கள். 2025-ல் அது 90,000-ஐத் தாண்டியது. புதிய பிரிவில் முதலில் விண்ணப்பித்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் அதற்கு முன் அரிசோனா அரசுப் பள்ளியில் படித்த பதிவே இல்லாதவர்கள் என்று கல்வித் துறையே தெரிவித்தது. ஏற்கெனவே தனியார் பள்ளியிலோ வீட்டிலோ படித்துக்கொண்டிருந்த குழந்தைகள் அவர்கள். அவர்களுக்கு, பள்ளி மாவட்டத்தை விடுவிக்கும் அந்த வாசகம் பெரிய விஷயமாக இருந்திருக்காது. அரசுப் பள்ளியிலிருந்து புதிதாக வெளியேற நினைக்கும் குடும்பத்துக்குத்தான் அது முக்கியம்.

எவ்வளவு பணம்

அந்தக் குழந்தை சார்ட்டர் பள்ளியில், அதாவது அரசுப் பணத்தில் தனி அமைப்பு நடத்தும் பள்ளியில், படித்திருந்தால் மாநிலம் எவ்வளவு தந்திருக்குமோ அதில் 90 சதவீதம் கணக்கில் விழும். குறைபாடு எதுவும் பதிவாகாத குழந்தைக்கு இது ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 முதல் 8,000 டாலர் வரை. மழலையர் வகுப்புக்குச் சுமார் பாதி. குறைபாடு முறைப்படி மதிப்பிடப்பட்டிருந்தால், அதன் வகையைப் பொறுத்துத் தொகை கூடும். ஆட்டிசம் போன்ற சில வகைகளில் 30,000 டாலரையும் தாண்டலாம். பணம் மொத்தமாக வராது, காலாண்டுக்கு ஒரு முறை வரும்.

இரண்டு தொகைகளுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பாருங்கள். அதே குழந்தை, அதே சிரமம். மதிப்பீட்டு அறிக்கை என்ற ஒரு காகிதம் இருக்கிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம்.

ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம்

புரிந்துகொள்வதற்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஃபீனிக்ஸ் நகருக்குப் பக்கத்திலுள்ள சாண்ட்லரில் இருக்கிறார்கள். அங்கே சிப் தயாரிக்கும் தொழிற்சாலைகளை நம்பி வந்த இந்தியக் குடும்பங்கள் நிறைய. தமிழ்க் குடும்பங்களும் உண்டு. மகளுக்கு 6 வயது, அரசுப் பள்ளியில் முதல் வகுப்பு. பேச்சு தாமதமாக வந்தது. கேட்ட கேள்வியையே திரும்பச் சொல்கிறாள். வகுப்பில் சத்தம் கூடினால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுகிறாள். வீட்டில் தமிழ், வெளியே ஆங்கிலம் என்பதால் குழப்பமாக இருக்கும், போகப்போகச் சரியாகிவிடும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். வாட்ஸாப் குழுவில் யாரோ சேமிப்புக் கணக்கைப் பற்றிச் சொல்கிறார்கள். சிறிய வகுப்புகள் உள்ள தனியார் பள்ளி ஒன்று பக்கத்தில் இருக்கிறது.

முதல் வழி: உடனே விண்ணப்பிப்பது. மதிப்பீடு இல்லாததால் பொதுத் தொகைதான் கிடைக்கும். 7,600 டாலர் என்று வைத்துக்கொண்டால் காலாண்டுக்கு 1,900. தனியார் பள்ளிக் கட்டணம் 11,000 என்றும், வாரம் ஒரு ஸ்பீச் தெரபிக்கு 120 டாலர் வீதம் 40 வாரத்துக்கு 4,800 என்றும் எடுத்துக்கொள்வோம். மொத்தம் 15,800. கைக்காசு 8,200 போட வேண்டும். இதற்கிடையே தனியார் பள்ளி பல மாதம் முன்பே முன்பணம் கேட்கும். கணக்கில் முதல் தவணை பிறகுதான் விழும். அதைவிடக் கவலையானது, மார்ச் மாதம் தனியார் பள்ளி "உங்கள் மகளுக்கு இங்கே சரிப்படாது" என்று சொன்னால் கேட்பதற்கு இடமில்லை. யாரைச் சேர்ப்பது, யாரை வைத்துக்கொள்வது என்பதைத் தனியார் பள்ளியே முடிவு செய்யலாம். சேமிப்புக் கணக்கின் பணத்தை வாங்குவதால் அந்த உரிமை அதற்குப் போய்விடாது.

இரண்டாவது வழி: விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, மகள் படிக்கும் அரசுப் பள்ளியிடம் சிறப்புக் கல்வி மதிப்பீடு வேண்டும் என்று எழுத்தில் கேட்பது. வாயால் ஆசிரியரிடம் சொன்னால் போதாது. ஒரு மின்னஞ்சல் போதும், ஆனால் தேதியோடு இருக்க வேண்டும். "என் மகளுக்குச் சிறப்புக் கல்வித் தேவை இருக்கலாம் என்று நினைக்கிறேன், எல்லாத் துறைகளிலும் முழு மதிப்பீடு செய்யக் கோருகிறேன்" என்று இரண்டு வரி. அரிசோனா விதிப்படி 15 பள்ளி நாட்களுக்குள் பள்ளி மதிப்பீட்டைத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் ஏன் மறுக்கிறோம் என்று எழுத்தில் காரணம் தர வேண்டும். பெற்றோர் சம்மதம் கொடுத்ததிலிருந்து 60 நாட்களுக்குள் முதல் மதிப்பீட்டை முடிக்க வேண்டும். தகுதி என்று முடிவானால், அதிலிருந்து 30 நாட்களுக்குள் தனிநபர் கல்வித் திட்டம் எழுதுவதற்கான கூட்டம் நடக்க வேண்டும். அமெரிக்காவில் எல்லோரும் ஐ.இ.பி. என்று சொல்வது இதைத்தான். செப்டம்பரில் கேட்டால் ஜனவரி வாக்கில் எல்லாம் கைக்கு வந்துவிடும். மதிப்பீட்டுக்குப் பெற்றோர் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை.

இந்த வழியில் குடும்பத்துக்கு ஜனவரியில் இரண்டு கதவுகள் திறந்திருக்கும். அரசுப் பள்ளி எழுதித் தந்த திட்டத்தில் ஸ்பீச் தெரபி, உதவியாளர், அமைதியான ஓய்விடம் எல்லாம் இருந்து, அது நன்றாகவும் நடந்தால், வெளியே போக வேண்டிய அவசியமே வராமல் போகலாம். போதவில்லை என்றால் அப்போது சேமிப்புக் கணக்கு கேட்கலாம், கையில் அறிக்கையோடு. தொகை குழந்தையின் தேவைக்கு நெருக்கமாக வரும். தகுந்த தெரபிஸ்ட்டைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் வரும். சேமிப்புக் கணக்கால் வாழ்க்கை மாறிய மாற்றுத்திறன் குழந்தைகள் அரிசோனாவில் இருக்கிறார்கள். இந்தத் திட்டம் அவர்களுக்காகத்தான் எழுதப்பட்டது. வரிசையைத் தெரியாமல் போய் அந்தப் பலன் கிடைக்காமல் போவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, ஏற்கெனவே முதல் வழியில் போய்விட்டவர்கள்? அவர்களுக்கும் வழி அடைபடவில்லை. பள்ளி மாவட்டத்தை விடுவிக்கும் அதே சட்டப்பிரிவு, மதிப்பீடு செய்யும் கடமையிலிருந்து மட்டும் அதை விடுவிக்கவில்லை. தனியார் பள்ளியில் இருந்தாலும் வீட்டில் படித்தாலும், குறைபாடு இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் குழந்தையைக் கண்டறிந்து மதிப்பிடும் பொறுப்பைக் கூட்டாட்சிச் சட்டமும் அரசுப் பள்ளி அமைப்பின் மேல்தான் வைத்திருக்கிறது. கணக்கு வைத்திருந்துகொண்டே மதிப்பீட்டைக் கேட்கலாம். ஆனால் மதிப்பீட்டுக்குப் பிறகு சேவையை உரிமையாகக் கேட்க முடியாது.

கைவிடுவது எது

அமெரிக்காவில் ஐ.டி.இ.ஏ. என்ற கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ், குறைபாடுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசமான, அந்தக் குழந்தைக்குப் பொருத்தமான அரசுக் கல்வி பெறும் உரிமை உண்டு. அந்த உரிமைக்கு ஒரு நடைமுறையும் உண்டு. பள்ளி எழுதிய திட்டத்தைப் பெற்றோர் ஏற்காவிட்டால் சமரசப் பேச்சு, அதற்குப் பிறகு நடுநிலை அதிகாரி முன் விசாரணை, அதற்கும் மேல் நீதிமன்றம். பள்ளி வாரம் இரண்டு தெரபி என்று எழுதிவிட்டு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை என்றால் விடுபட்டவற்றை ஈடுகட்டக் கேட்கலாம். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மறுமதிப்பீடு.

சேமிப்புக் கணக்கில் சேர்ந்த குழந்தை, பெற்றோரே தனியாகப் படிக்க வைக்கும் குழந்தையாகிவிடுகிறது. அந்தக் குழந்தைக்கு மேலே சொன்ன சேவைகளில் தனிப்பட்ட உரிமை இல்லை. பணம் இருக்கிறது, தெரபிஸ்ட் வரவில்லை என்றால் வேறொருவரைத் தேடும் வேலை பெற்றோருடையது. தனியார் பள்ளி ஐ.இ.பி.யைப் பின்பற்றக் கடமைப்பட்டது இல்லை. ஒரு பக்கம் பணமும் தேர்வுச் சுதந்திரமும், இன்னொரு பக்கம் சட்டப்படி கேட்டு வாங்கும் உரிமை. இரண்டில் எது பெரிது என்பது குழந்தைக்குக் குழந்தை மாறும். பக்கத்தில் நல்ல தெரபி மையம் உள்ள ஃபீனிக்ஸ் புறநகரில் பணம் பெரிது. மையமே இல்லாத சிறு ஊரில் உரிமைதான் பெரிது.

திரும்பி வரலாமா? வரலாம். அரசுப் பள்ளிக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். கணக்கை மூடிவிட்டுச் சேர்க்கலாம், உரிமைகளும் திரும்ப வரும். ஆனால் பழைய திட்டம் காலாவதியாகியிருந்தால் மறுபடி மதிப்பீடு, மறுபடி கூட்டம். அந்த இடைவெளியில் போகும் மாதங்கள் சிறு குழந்தைக்கு ரொம்பப் பெரியவை.

விண்ணப்பத்தில் தமிழ்க் குடும்பங்கள் தடுக்கும் இடம்

பிறப்புச் சான்றிதழில் உள்ள பெற்றோர் பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். இது மற்றவர்களுக்கு ஒரு நிமிட வேலை. நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று பெரும்பாலும் இல்லை. சான்றிதழில் "எஸ். குமார்" என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து தாத்தா பெயராக நிற்கும், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்ததால் அமெரிக்க விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "எஃப்.என்.யு." என்று விழுந்திருக்கும், அதாவது முதற்பெயர் தெரியாது என்று. அதையே ஓட்டுநர் உரிமத்திலும் ஏற்றியிருப்பார்கள். மூன்று ஆவணத்தில் மூன்று மனிதர்கள் போலத் தெரியும் அந்த அப்பா ஒரே ஆள்தான் என்று பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

தமிழ்நாட்டில் பிறந்த குழந்தை என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பிறப்பைப் பதிவு செய்தபோது பெயர் வைக்காமல் இருந்திருந்தால் சான்றிதழில் குழந்தையின் பெயர் இடம் காலியாகவே இருக்கும். முதல் ஓராண்டுக்குள் கட்டணமில்லாமலும், அதன் பிறகு 15 ஆண்டுக்குள் தாமதக் கட்டணத்தோடும் பெயரைச் சேர்க்கலாம். பிறந்த ஊரின் மாநகராட்சியிலோ நகராட்சியிலோ பேரூராட்சியிலோ யாராவது போய் வாங்க வேண்டியிருக்கும். விண்ணப்பிக்க நினைக்கும் ஆண்டில் இல்லாமல் அதற்கு முந்தைய விடுமுறையிலேயே முடித்துவிடுவது நல்லது. பெயர் மாறுபாட்டுக்கு ஓர் உறுதிமொழிப் பத்திரமும், எல்லாப் பெயர்களும் சேர்ந்து இருக்கும் பாஸ்போர்ட் நகலும் கூடவே வைத்தால் கேள்வி வருமுன்பே பதில் போய்ச்சேரும்.

மதிப்பீட்டிலும் நம் மொழிக்கு இடமுண்டு. குழந்தையின் தாய்மொழியில், அல்லது குழந்தை எதில் நன்றாக வெளிப்படுத்துமோ அதில், இயன்றவரை சோதிக்க வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் சொல்கிறது. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் வரும் தயக்கம் வேறு, இரண்டு மொழியிலுமே வராத பேச்சு வேறு. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் சோதிக்க வேண்டும். வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்று கோரிக்கைக் கடிதத்திலேயே எழுதுங்கள். பாட்டிக்குத்தான் குழந்தையின் நடவடிக்கை நன்றாகத் தெரியும் என்றால் பாட்டியைக் கூட்டத்துக்கு அழைத்துப் போங்கள், மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம்.

இன்னும் மூன்று சிறிய விஷயங்கள். வீட்டில் படிப்பிக்கிறோம் என்று கவுன்டியின் கல்விக் கண்காணிப்பாளரிடம் ஏற்கெனவே உறுதிமொழி கொடுத்திருந்தால் அதைத் திரும்பப் பெற வேண்டும். கணக்கும் அந்த உறுதிமொழியும் ஒன்றாக இருக்க முடியாது. வரிச் சலுகை பெறும் நன்கொடைகளைத் திரட்டித் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு உதவும் அமைப்புகளின் உதவித்தொகையையும் அதே காலத்தில் வாங்கக் கூடாது. அப்புறம், அனுமதிக் கடிதம் வரும்வரை குழந்தையை அரசுப் பள்ளியிலிருந்து விலக்க வேண்டியதில்லை. பணம் விழுவதற்கு முன் விலகினால் போதும் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

பணம் வந்த பிறகு

ஆரம்ப ஆண்டுகளில் பெற்றோருக்கு டெபிட் அட்டை கொடுத்தார்கள். 2018-ல் மாநிலத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை, 7 லட்சம் டாலருக்கு மேல் தகாத செலவு நடந்திருப்பதாகக் காட்டியது. அழகுப் பொருட்களும் உடைகளும் அதில் இருந்தன. பிறகு கிளாஸ்வாலட் என்ற இணையத் தளம் வந்தது. பள்ளிக்கும் தெரபிஸ்ட்டுக்கும் அதிலிருந்தே நேராகப் பணம் அனுப்பலாம். கைக்காசு போட்டு ரசீதை ஏற்றித் திரும்பப் பெறவும் செய்யலாம்.

2022-க்குப் பிறகு குழந்தைகள் ஏழு மடங்குக்கு மேல் பெருகியதும் ரசீதுகள் மலையாகக் குவிந்தன. பல வாரம், பல மாதம் காத்திருந்த பெற்றோர் உண்டு. 2024 டிசம்பரில் மாநிலக் கல்விக் கண்காணிப்பாளர் டாம் ஹோர்ன் 2,000 டாலர் வரையிலான கோரிக்கைகளை முதலில் ஏற்றுவிட்டுப் பிறகு தணிக்கை செய்வது என்று முடிவெடுத்தார். நெரிசல் குறைந்தது. கல்விக்குச் சம்பந்தமில்லாத பொருட்களும் நுழைந்து செய்தியாயின. "ஏற்கப்பட்டது" என்று திரையில் வந்தால் முடிந்துவிட்டது என்று பெற்றோர் நினைக்கக் கூடாது என்பதுதான் இதன் பொருள். பின்னால் தணிக்கை வந்து, செல்லாது என்றால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும், கணக்கு நிறுத்தப்படலாம். கல்வித் துறையின் முடிவு தவறு என்று நினைத்தால் மாநிலக் கல்வி வாரியத்திடம் மேல்முறையீடு செய்யலாம்.

2024 ஜூலையில் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் கிரிஸ் மேயஸ், துணைப் பொருட்கள் வாங்கினால் அவை ஒரு பாடத்திட்டத்தோடு இணைந்திருக்க வேண்டும் என்று துறைக்கு எழுதினார். அதன் பிறகு எந்தப் பாடத்துக்கு எதற்காக என்று ஆவணம் கேட்கத் தொடங்கினார்கள். பெற்றோர் சிலர் வழக்கும் போட்டார்கள். வழக்கு எப்படிப் போனாலும் குடும்பத்துக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஒவ்வொரு ரசீதிலும் தேதி, விற்றவர் பெயர், குழந்தையின் பெயர், பொருள், தொகை ஐந்தும் தெரியட்டும், அதன் கீழே எந்தப் பாடத்துக்கு என்று ஒரு வரி. வயலினுக்கு ரசீது என்றால் இசைப் பாடத்திட்டத்தின் பக்கமும் கூடவே இருக்கட்டும். வாங்கிய அன்றே செய்தால் ஐந்து நிமிடம்.

ஆவணச் சரிபார்ப்பு ஏன் இவ்வளவு கடுமை என்று சலித்துக்கொள்பவர்கள் 2024 பிப்ரவரி வழக்கைப் பார்க்க வேண்டும். இல்லாத குழந்தைகளுக்குப் பொய்யான பிறப்புச் சான்றிதழும் பொய்யான மதிப்பீட்டு அறிக்கையும் தயாரித்து 6 லட்சம் டாலருக்கு மேல் எடுத்ததாக ஐந்து பேர் மேல் குற்றச்சாட்டு பதிவானது. அவர்களில் கல்வித் துறையின் முன்னாள் ஊழியர்களும் இருந்தார்கள். பொய் அறிக்கைக்கு ஆசைப்பட்டதே, குறைபாட்டு வகையில் தொகை பெரிது என்பதால்தான். அதன் சுமை, உண்மையான அறிக்கையோடு வரும் உண்மையான பெற்றோர் மேல் விழுகிறது.

டெக்சஸில் இதே கேள்வி

டாலஸ், ஆஸ்டின், ஹூஸ்டன் பக்கம் இருப்பவர்களுக்கும் இது இப்போது வந்துவிட்டது. 2025 மே மாதம் ஆளுநர் கிரெக் அபாட் கையெழுத்திட்ட சட்டப்படி, 2026-27 கல்வியாண்டில் தொடங்கும் திட்டத்துக்கு 100 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. தனியார் பள்ளி மாணவருக்குச் சுமார் 10,000 டாலர், வீட்டில் படிக்கும் குழந்தைக்கு 2,000, குறைபாடுள்ள குழந்தைக்கு 30,000 வரை. அரிசோனா போல ஆண்டு முழுவதும் திறந்த கதவு இல்லை. விண்ணப்பக் காலம் உண்டு. இடத்தைவிட ஆள் அதிகமானால் முன்னுரிமை வரிசையும் குலுக்கலும் உண்டு. குறைபாடுள்ள குழந்தைகளின் குடும்பங்கள், வருமானம் வரம்புக்குள் இருந்தால், வரிசையில் முதலில் நிற்கும். குழந்தை அமெரிக்கக் குடிமகனாகவோ சட்டப்படி நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்டதாகவோ இருக்க வேண்டும்.

30,000 வரையிலான தொகைக்கு அங்கே ஐ.இ.பி. வேண்டும். அதாவது அரசுப் பள்ளி மாவட்டத்தின் மதிப்பீடு வேண்டும். டெக்சஸில் எழுத்துக் கோரிக்கைக்கு 15 பள்ளி நாட்களில் பதில், சம்மதத்துக்குப் பிறகு 45 பள்ளி நாட்களில் மதிப்பீடு, அதன் பின் 30 நாட்களில் கூட்டம். விண்ணப்பக் காலம் பிப்ரவரியில் திறக்கும்போது விழித்துக்கொண்டால் அந்தக் கணக்கில் நேரம் போதாது. பள்ளி திறந்த ஆகஸ்டிலேயே கடிதம் போயிருக்க வேண்டும்.

என்ன மாற வேண்டும்

அரிசோனா கல்வித் துறையிடம் நான் கேட்பவை செலவில்லாதவை. பள்ளி மாவட்டத்தை விடுவிக்கும் வாசகம் ஒப்பந்தத்தின் நடுவில் இருக்கக் கூடாது. விண்ணப்பத்தின் முதல் திரையில், எளிய மொழியில், தனியாக ஒரு டிக் அடித்து ஒப்புக்கொள்ளும்படி வர வேண்டும். "உங்கள் குழந்தைக்கு மதிப்பீடு நடந்திருக்கிறதா?" என்ற கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், அதை இலவசமாகக் கேட்கலாம் என்ற தகவலும் கோரிக்கைக் கடிதத்தின் மாதிரியும் அங்கேயே திறக்க வேண்டும். மாநிலத்தில் பேசப்படும் பிற மொழிகளிலும் அந்த ஒரு பக்கத்தை வைக்கலாம். தனியார் பள்ளிகள், குறைபாடுள்ள குழந்தையை ஆண்டு நடுவில் வெளியே அனுப்பினால் அந்தக் காலாண்டின் மீதிக் கட்டணத்தைக் கணக்குக்கே திருப்ப வேண்டும் என்ற விதியும் வேண்டும். இன்று அது ஒவ்வொரு பள்ளியின் சேர்க்கை ஒப்பந்தத்தைப் பொறுத்திருக்கிறது.

இவை வரும்வரை, சாண்ட்லர் குடும்பம் போன்றவர்கள் இந்த வாரமே செய்யக்கூடியது மூன்று. பள்ளி முதல்வருக்கும் சிறப்புக் கல்விப் பொறுப்பாளருக்கும் மதிப்பீடு கோரி மின்னஞ்சல் அனுப்பி, அனுப்பிய தேதியிலிருந்து 15 பள்ளி நாளை நாட்காட்டியில் குறித்துக்கொள்வது. பார்த்து வைத்திருக்கும் தனியார் பள்ளியிடம், கட்டணத்தைத் திருப்பித் தரும் விதியையும், பேச்சுத் தாமதமுள்ள குழந்தைகளை இதுவரை எப்படி வைத்துக்கொண்டார்கள் என்பதையும் எழுத்தில் கேட்பது. வீட்டிலுள்ள எல்லா ஆவணங்களிலும் அப்பா, அம்மா, மகள் பெயர் எப்படி இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது. விண்ணப்பப் படிவத்தை ஜனவரியில் திறந்தால் போதும்.